புதிதாக யூனிட் பொறுப்பேற்றவர்களுக்கு: மேலாண்மை ஆய்வுகளைத் தேடி எடுத்துத் தளத்தில் பயன்படுத்தும் முறை

திருப்பூரில் நூற்று நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு தையல் யூனிட்டின் பொறுப்பு என்னிடம் வந்தபோது, எனக்கு மெஷின் தெரியும், உற்பத்திக் கணக்குத் தெரியும், பையருக்கு, அதாவது ஆர்டர் கொடுப்பவருக்கு, பதில் எழுதத் தெரியும். ஆட்களை நடத்துவது பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், எனக்கு மேலே இருந்தவர்கள் என்னை நடத்திய விதம் மட்டுமே. முதல் ஆறு மாதத்தில் நான் செய்த பெரிய காரியம், வேகமாகத் தைக்கும் பத்து டெய்லர்களுக்கு மட்டும் ஷிப்டுக்கு ஐம்பது ரூபாய் கூட்டிக் கொடுத்து, அதை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதுதான். சனிக்கிழமை சம்பளக் கவர் பிரிக்கப்பட்ட அரை மணி நேரத்தில் செய்தி டீக்கடை வரை போய்விட்டது. திங்கட்கிழமை காலையில் இரண்டு லைன்களில் பாதி மெஷின்கள் காலியாகக் கிடந்தன. பதறிப்போய், தலைமைப் பண்பு பற்றிய இரண்டு நாள் பயிற்சிப் பட்டறைக்குப் பணம் கட்டினேன். அங்கே வெளிநாட்டு நிறுவனங்களின் வெற்றிக் கதைகளைப் படம் போட்டுக் காட்டினார்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது.

நான் செய்த அதே தவற்றை, ஒடிசாவில் 378 தொழிலாளர்களை வைத்து முறையாகச் சோதித்து, அதன் விளைவை 2018இல் வெளியிட்டிருந்தார்கள் என்பதும், அதைப் படிக்க ஒரு ரூபாயும் செலவில்லை என்பதும் எனக்கு மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது. நீங்கள் அவ்வளவு சுற்ற வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். ஐம்பதிலிருந்து முந்நூறு பேர் வரை உள்ள உற்பத்தி யூனிட்டை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வேறு தொழிலில் இருப்பவர்கள் லைன் என்ற இடத்தில் தங்கள் பிரிவின் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளலாம்.

1. பதிவேடுகளை எடுத்து, பிரச்சினையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

ஆய்வு எதையும் தேடுவதற்கு முன், கடந்த 12 மாதங்களுக்கான வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, பிஎஃப் கணக்கில் விலகிய தேதியோடு கூடிய பட்டியல், செக்கிங் பிரிவின் ஆல்டர் (குறையோடு திருத்தத்துக்குத் திரும்பும் உருப்படி) கணக்கு, லைன் வாரியான தினசரி உற்பத்தித் தாள் ஆகிய ஐந்தையும் மேசைக்கு வரவழையுங்கள். விலகிய ஒவ்வொருவருக்கும் எதிரே, அவர் எத்தனை நாள் வேலை செய்தார், எந்த லைன், எந்த சூப்பர்வைசர், எந்த ஊர் என்று நான்கு விவரங்களை எழுதுங்கள். இது ஒரு வார வேலை. எழுத்தரின் நேரத்தைத் தவிர வேறு செலவில்லை.

"ஆட்கள் நிற்பதில்லை" என்று எல்லா யூனிட்டிலும் சொல்கிறார்கள், ஆனால் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. எங்கள் பட்டியலைப் போட்டுப் பார்த்தபோது, விலகியவர்களில் பெரும்பாலோர் சேர்ந்து 2 மாதத்துக்குள் போயிருந்தார்கள் என்பதும், அதிலும் ஒரே லைனிலிருந்துதான் கூட்டம் கூட்டமாகப் போயிருந்தார்கள் என்பதும் தெரிந்தது. அதற்குப் பிறகு கேள்வி, "புதிதாகச் சேர்பவர்கள் மூன்றாம் லைனில் முதல் 60 நாளை ஏன் தாண்டுவதில்லை?" என்று சுருங்கிவிட்டது. அந்த அளவுக்குச் சுருங்காத கேள்விக்கு எந்த ஆய்விலும் பதில் கிடைக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பதிவேட்டைத் திருத்தி எழுதும் பழக்கம் உங்கள் யூனிட்டில் இருந்தால், தணிக்கைக்குக் காட்டும் கணக்கு வேறு, உண்மைக் கணக்கு வேறு என்று இருந்தால், அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பொய்க் கணக்கை வைத்து அளந்தால் எல்லா மாற்றமும் வெற்றி பெற்றதாகவே தெரியும்.

2. ஆய்வுக் கட்டுரைகளைப் பணம் கட்டாமல் எடுங்கள்

பதிப்பகத் தளத்தில் ஒரு கட்டுரையைத் தனியாக வாங்கப் போனால் பெரும்பாலும் 30 முதல் 50 டாலர் வரை கேட்பார்கள். அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள், நான் இரண்டு முறை கட்டினேன், இரண்டும் ஆசிரியர்களின் சொந்தப் பக்கத்திலேயே இலவசமாக இருந்தன. கட்டுரையின் தலைப்பை கூகுள் ஸ்காலரில் போட்டு, கீழே இருக்கும் அனைத்துப் பதிப்புகளையும் காட்டும் இணைப்பை அழுத்தினால், பெரும்பாலும் ஏதாவது ஒரு பதிப்பு பிடிஎஃப் ஆகக் கிடைத்துவிடும். அமெரிக்காவின் தேசியப் பொருளாதார ஆய்வுக் கழகமான என்பிஇஆர் தன் ஆய்வறிக்கைகளை வளரும் நாடுகளில் இருப்பவர்களுக்கு இலவசமாகத் தருகிறது. இந்தியத் தொழிற்சாலைகளைப் பற்றிய நல்ல ஆய்வுகளில் பலவற்றின் முன்வடிவம் அங்கே உண்டு. ஜே-பால் என்ற ஆய்வு அமைப்பு ஒவ்வொரு சோதனையையும் இரண்டு மூன்று பக்கச் சுருக்கமாக வெளியிடுகிறது. ஆங்கிலக் கட்டுரையை முழுதாகப் படிக்கத் தயங்குபவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.

இவை எதிலும் கிடைக்காவிட்டால், பக்கத்தில் உள்ள அரசுக் கல்லூரியின் நூலகத்தை அணுகுங்கள். 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில், அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் திறந்துவிடப்பட்டுள்ளன. அது அந்தந்த நிறுவனத்தினருக்கானது என்பதால், வணிகவியல் அல்லது மேலாண்மைத் துறை ஆசிரியர் ஒருவரோடு பழகிக்கொள்வது நல்லது. உங்கள் யூனிட்டில் மாணவர்களுக்குச் செயல்முறைத் திட்டப் பணி தர நீங்கள் ஒப்புக்கொண்டால், அவரே உங்களைத் தேடி வருவார். கட்டுரை ஆசிரியருக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதிக் கேட்பதும் வழக்கத்தில் உள்ளதுதான்.

தேடும்போது 'மெட்டா அனாலிசிஸ்' (பல ஆய்வுகளின் தொகுப்புக் கணக்கு), 'ஃபீல்ட் எக்ஸ்பெரிமென்ட்' (வேலை இடத்திலேயே நடத்திய சோதனை), 'ரேண்டமைஸ்டு' (குலுக்கல் முறையில் பிரித்தது) ஆகிய மூன்று சொற்களில் ஒன்றை உங்கள் கேள்வியோடு சேருங்கள். சேர்க்காவிட்டால் ஆலோசனை நிறுவனங்களின் விளம்பர அறிக்கைகள்தான் முன்னால் வந்து நிற்கும்.

3. ஒரு கட்டுரையை ஒரு மணி நேரத்தில் படிக்கப் பழகுங்கள்

முதல் பக்கத்துச் சுருக்கத்தையும், சோதனை எப்படி நடந்தது என்று சொல்லும் பகுதியையும், கடைசியில் வரும் முடிவையும் மட்டும் படியுங்கள். நடுவில் வரும் சமன்பாடுகளைத் தாண்டிப் போகலாம். படிக்கும்போது ஒரு தாளில் இவற்றுக்குப் பதில் எழுதுங்கள்: யாரிடம் சோதித்தார்கள், எங்கே, எத்தனை பேரிடம், மாற்றம் செய்யப்படாத ஒப்பீட்டுக் குழு இருந்ததா, அது குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டதா, வித்தியாசம் எவ்வளவு, எத்தனை நாள் நீடித்தது.

ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வைத் தள்ளி வையுங்கள். "வெற்றி பெற்ற இருபது நிறுவனங்களில் இருந்த பொதுவான ஏழு பண்புகள்" என்ற வகை எழுத்து படிக்கச் சுவையாக இருக்கும். அதே ஏழு பண்புகளோடு மூடப்பட்ட நிறுவனங்களை யாரும் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். 'சதவீதம்', 'சதவீதப் புள்ளி' என்ற இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: வருகை 90 சதவீதத்திலிருந்து 72 சதவீதமாகக் குறைந்தால் அது 18 சதவீதப் புள்ளி வீழ்ச்சி, ஆனால் 20 சதவீத வீழ்ச்சி.

ஆட்களை நிர்வகிக்கும் தொழிலிலேயே ஊறியவர்களுக்குக்கூட இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் 959 மனிதவள அலுவலர்களிடம், ஆய்வுகளில் உறுதியான 35 விஷயங்களைப் பற்றிக் கேட்டபோது, குறிப்பாக ஆள் தேர்வு தொடர்பான கேள்விகளில் அவர்கள் நம்பியதும் ஆய்வு சொன்னதும் பெரிதும் வேறுபட்டன.

4. ஆட்களைத் தொடுவதற்கு முன் தளத்தைச் சரிசெய்யுங்கள்

மும்பைக்கு அருகில் தாராப்பூர், உம்பர்காவ் பகுதியில் பருத்தித் துணி நெய்யும் 17 நிறுவனங்களின் 28 ஆலைகளை வைத்து பொருளாதார ஆய்வாளர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய சகாக்களும் நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஒரு மாதம் ஆய்ந்து அறிதல், நான்கு மாதம் நடைமுறைப்படுத்துதல் என்று ஐந்து மாதங்கள் ஆலோசகர்கள் உள்ளே இருந்தார்கள். ஒப்பீட்டு ஆலைகளுக்கு அந்த முதல் மாதம் மட்டுமே. புகுத்த முயன்றவை 38 நடைமுறைகள். எதுவும் புதுமையானதல்ல: குறைபாட்டைத் தினமும் வகை வாரியாகக் குறிப்பது, மெஷின் நின்ற காரணத்தை எழுதுவது, நூல் கிடங்கை அடையாளமிட்டு அடுக்குவது, காலையில் பத்து நிமிடம் நின்றுகொண்டே கூட்டம் போடுவது என்ற அளவில்தான் பலவும் இருந்தன. முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது.

அந்தக் கட்டுரையில் எனக்கு உறைத்த இடம் வேறு. இவ்வளவு எளிய விஷயங்களை உரிமையாளர்கள் முன்பே ஏன் செய்யவில்லை என்று கேட்டபோது, பலருக்குத் தங்கள் ஆலையில் குறை இருப்பதே தெரியவில்லை. லாபம் வருகிறது, பிறகென்ன என்பதே அவர்கள் நிலை. நிறுவனம் எவ்வளவு பெரிதாக வளரும் என்பதை, அதன் நிர்வாகத் தரத்தைவிட, நம்பிப் பொறுப்பைக் கொடுக்கக் குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பதே தீர்மானித்தது. நம் பக்கத்துப் பங்காளிக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனவே முதல் மாதம் ஆல்டர் காரணப் பலகை, மெஷின் நின்ற நேரக் குறிப்பேடு, நூல் கோன்களுக்கு நிற அட்டை என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பலகை, அட்டை, நோட்டு எல்லாம் சேர்த்து எனக்கு ஐயாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பழைய குழல் விளக்குகளை மாற்றும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே செய்யலாம்: பெங்களூருத் தையல் ஆலைகளில் எல்இடி விளக்குகள் மின்சாரத்தை மிச்சப்படுத்தியதோடு, வெப்பத்தைக் குறைத்து, வெயில் நாட்களில் உற்பத்தி சரிவதையும் தடுத்தன என்று ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது.

5. சம்பளத்தில் கை வைக்கும் முன் இதைப் படியுங்கள்

நான் விழுந்த குழி இதுதான் என்பதால் இங்கே சற்று நிற்கிறேன். எமிலி பிரேசா, சுப்ரீத் கௌர், யோகிதா ஷம்தசானி ஆகியோர் ஒடிசாவில் தொழிலாளர்களை மூன்று மூன்று பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, கயிறு, துடைப்பம், ஊதுபத்தி போன்ற பொருள்களைச் செய்ய வைத்தார்கள். சில குழுக்களில் மூவருக்கும் ஒரே நாள் கூலி. சில குழுக்களில், வேலைத்திறன் வரிசைப்படி மூவருக்கும் வெவ்வேறு கூலி. ஒரே தொகையை வாங்கும் இருவரை ஒப்பிட்டபோது, பக்கத்தில் இருப்பவர் தன்னைவிட அதிகம் வாங்குகிறார் என்று அறிந்தவரின் உற்பத்தி தெளிவாகச் சரிந்தது, வருகை 18 சதவீதப் புள்ளி குறைந்தது. வராத நாளுக்குக் கூலி இல்லை என்று தெரிந்தும் அவர்கள் வராமல் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். தங்களுக்கே லாபம் தரக்கூடிய விளையாட்டுகளில்கூட அந்தக் குழுவினரால் ஒத்துழைக்க முடியவில்லை.

ஆனால் கட்டுரையின் இரண்டாம் பாதிதான் நமக்கு வேண்டியது. அதிகம் வாங்குபவர் உண்மையிலேயே அதிகம் செய்கிறார் என்பதைச் சக தொழிலாளர்கள் கண்ணால் பார்க்க முடிந்த இடங்களில், கூலி வேறுபாட்டால் எந்தப் பாதிப்பும் தென்படவில்லை. அதாவது வேறுபாடு வைப்பதைவிட, காரணம் தெரியாத வேறுபாடு வைப்பதே ஆட்களை உடைக்கிறது. நான் ஐம்பது ரூபாயோடு சேர்த்து ரகசியத்தையும் கொடுத்திருந்தேன்.

செய்ய வேண்டியது இது. கொடுத்ததைத் திரும்பப் பெறாதீர்கள். அது இன்னும் மோசமாகும். அதற்குப் பதில், ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் ஆகிய மெஷின்களில் எத்தனை ஆபரேஷன்களைக் குறித்த நேரத்தில், குறித்த தரத்தில் முடிக்கிறார் என்பதை வைத்துத் தர நிலைகளை வகுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை யார் வேண்டுமானாலும் தேர்வுக்கு உட்காரலாம் என்று எழுதி ஒட்டுங்கள். தேர்வு எல்லோரும் பார்க்கும்படி தளத்திலேயே நடக்கட்டும். விதிகளைத் தமிழிலும் இந்தியிலும், ஒடிசாக்காரர்கள் அதிகம் இருந்தால் ஒடியாவிலும் ஒட்டுங்கள். பின்தங்கியவர்களின் பெயரைப் பலகையில் போட்டு அவமானப்படுத்தும் வேலை மட்டும் வேண்டாம். எங்களுக்கு இதைத் தயாரிக்க ஒரு மாதமும், ஆட்கள் நம்ப ஆறு மாதமும் ஆயின.

சம்பள நாளைப் பற்றியும் ஓர் ஆய்வு இருக்கிறது. ஒடிசாவில் துண்டுக் கூலிக்கு இலைத் தட்டுச் செய்யும் தொழிலாளர்களில் சிலருக்கு மட்டும், சேர்ந்திருந்த கூலியில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தார்கள். பணம் கைக்கு வந்ததும் அவர்கள் கடனைக் கட்டினார்கள், வீட்டுக்குச் சாமான் வாங்கினார்கள், அடுத்த நாள்களில் உற்பத்தி 7 சதவீதம் கூடியது, கவனக்குறைவால் வரும் தவறுகளும் குறைந்தன. கூலி உயரவில்லை, கொடுத்த நாள் மட்டுமே மாறியது. ஜூனில் பள்ளி திறக்கும் வாரத்திலும் தீபாவளிக்கு முன்பும், ஏற்கெனவே உழைத்துச் சேர்ந்துள்ள கூலியைச் சில நாள் முன்னதாகத் தருவது உங்களுக்கு அநேகமாகச் செலவில்லாத காரியம். இதை அட்வான்ஸோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பெருந்தொகையை முன்பணமாகக் கொடுத்து, அது தீரும் வரை போகக் கூடாது என்று நிறுத்தி வைப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றம். தாமதமாகத் தருவதற்கும் சட்டம் இடம் தருவதில்லை: வாரச் சம்பளமானால் வாரத்தின் கடைசி வேலை நாளிலும், மாதச் சம்பளமானால் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள்ளும் கொடுத்தாக வேண்டும்.

6. பெயர் எழுதாமல் கருத்துக் கேளுங்கள்

இந்தியத் தையல் ஆலைகளில் அச்யுத அத்வர்யு, தெரேசா மோலினா, அனந்த் நியாஷாதம் ஆகியோர் நடத்திய சோதனையில், எதிர்பார்த்ததைவிடக் குறைவான கூலி உயர்வு அறிவிக்கப்பட்டவுடன், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த தொழிலாளர்களிடம் மட்டும் வேலைச் சூழல், சூப்பர்வைசர், மனநிறைவு ஆகியவை பற்றிப் பெயர் குறிக்காமல் கருத்துக் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்களிடையே வேலையை விட்டுப் போவதும் விடுப்பு எடுப்பதும் குறைந்தன; அதிகம் ஏமாற்றமடைந்தவர்களிடம் இந்த விளைவு கூடுதலாகவே இருந்தது. தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியோடு சேரும் அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறுவதால், ஏப்ரல் இரண்டாம் வாரம் இதற்குப் பொருத்தமான நேரம்.

என் முதல் முயற்சி வீணாய்ப் போனது. தாளைச் சூப்பர்வைசர்களே கொடுத்து, அவர்களே திரும்ப வாங்கினார்கள். நூற்று நாற்பது தாளிலும் எல்லாம் நன்று என்றே இருந்தது. இரண்டாவது முறை, கேள்விகளை எட்டாகக் குறைத்து, முகப் படங்களில் வட்டம் போடும்படி செய்து, சாப்பாட்டுக் கூடத்தில் பூட்டிய பெட்டியை வைத்து, சாவியை வெளியில் உள்ள ஒருவரிடம் கொடுத்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்து ஊர்க் கல்லூரி மாணவிகள் இருவர் படித்துக் காட்டினார்கள். அவர்களுக்கான படி, அச்சுச் செலவு, பெட்டி எல்லாம் சேர்ந்து நான்காயிரம் ரூபாய். வந்த குறைகளில் முதலிடம் பெற்றது கூலி அல்ல, பெண்கள் கழிப்பறைக்குப் போகச் சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டியிருந்த முறை. அதை ஒரே நாளில் நிறுத்தினோம்.

பதினைந்து நாளுக்குள் ஒன்றையாவது செய்து காட்டி, செய்ய முடியாதவற்றை ஏன் முடியாது என்றும் பலகையில் எழுதுங்கள். கையெழுத்தை வைத்து யார் எழுதியது என்று ஆராயும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒரே ஒருமுறை அதைச் செய்தாலும் அந்தப் பெட்டி நிரந்தரமாகக் காலியாகவே இருக்கும். தாள்களில் பாலியல் துன்புறுத்தல் பற்றிய குறிப்பு ஏதாவது வந்தால், அதைக் கருத்துக் கணிப்பின் ஒரு வரியாக நினைத்து வைத்துவிடாதீர்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். எழுத்துப் புகார் கொடுக்கச் சாதாரணமாக 3 மாதக் கெடுதான் உண்டு என்பதால், குழு உறுப்பினர்களின் பெயரையும் புகார் கொடுக்கும் வழியையும் அன்றே எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள்.

7. ஆள் எடுக்கும் முறையை மாற்றுங்கள்

டெய்லரை நாம் சரியாகத்தான் எடுக்கிறோம்: மெஷினில் உட்கார வைத்துத் தைக்கச் சொல்கிறோம். சூப்பர்வைசர், மெர்ச்சண்டைசர், கணக்காளர் என்று வரும்போது மட்டும், எந்த ஊர், யாருக்குத் தெரிந்தவர், எத்தனை வருட அனுபவம் என்று பேசிவிட்டு முடிவெடுக்கிறோம். பால் சாக்கெட்டும் மூவரும் 2022இல் பல பத்தாண்டு ஆய்வுகளை மறுகணக்கிட்டு வெளியிட்ட கட்டுரையில், வேலைத்திறனை முன்கூட்டிச் சொல்வதில் வரையறுத்த நேர்காணலே முதலிடத்தில், 0.42 என்ற அளவில் நின்றது. மனம் போன போக்கில் பேசும் நேர்காணல் 0.19தான். அனுபவ வருடங்களின் எண்ணிக்கை 0.1ஐக்கூட எட்டவில்லை. ஒன்று என்பது முழுமையான கணிப்பு, பூச்சியம் என்பது காசைச் சுண்டுவதற்குச் சமம் என்று வைத்துக்கொண்டு இந்த எண்களைப் படியுங்கள்.

வரையறுத்த நேர்காணல் என்றால் பெரிய வித்தை எதுவும் இல்லை. அந்த வேலையில் உண்மையில் நேரும் ஆறு நிலைமைகளைக் கேள்வியாக்குங்கள்: "காலை பத்து மணிக்கு ஐந்தாம் ஆபரேஷனில் தேங்கிவிட்டது, கைமடி (உதவியாள்) இருவர் வரவில்லை, என்ன செய்வீர்கள்?" என்பது போல. நல்ல பதில், நடுத்தரப் பதில், மோசமான பதில் எது என்று முன்பே எழுதிக்கொண்டு, எல்லோரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டு, இருவர் தனித்தனியே மதிப்பெண் போட்டு, பிறகு ஒப்பிடுங்கள். தயாரிக்க ஒரு நாள் போதும்.

8. சூப்பர்வைசர்கள்

பெங்களூரு ஆலைகளில் பெண் தொழிலாளர்களுக்குப் பேச்சுத் திறன், நேர மேலாண்மை, பிரச்சினை தீர்த்தல் போன்றவற்றில் வேலை நேரத்திலேயே பயிற்சி கொடுத்தபோது, உற்பத்தி உயர்ந்து, பயிற்சிக்கான செலவு, பயிற்சி முடிந்த எட்டு மாதத்துக்குள் பல மடங்காக நிறுவனத்துக்குத் திரும்பியது. அவர்களுடைய கூலி மிகச் சிறிதளவே உயர்ந்தது என்பதையும் அதே கட்டுரை சொல்கிறது. அந்த வரியை முதலாளிகள் படிக்காமல் தாண்டுவதை நான் பார்த்திருக்கிறேன். வங்கதேச ஆலைகளில் பெண்களைச் சூப்பர்வைசர்களாக உயர்த்திய சோதனையில், முதலில் அவர்கள் மீது அவநம்பிக்கை இருந்தது, லைனின் செயல்பாடும் சற்றுப் பின்தங்கியது, ஏறக்குறைய நான்கு மாதத்தில் ஆண் சூப்பர்வைசர்களுக்கு இணையாக வந்துவிட்டார்கள். ஆகவே ஒரு பெண் டெய்லரை உயர்த்தினால் நான்கு மாதம் முடியும் முன் தீர்ப்பு எழுதாதீர்கள். பெரும்பாலும் ஆறாவது வாரத்திலேயே "சொன்னேனே" என்று யாராவது வந்து நிற்பார்கள்.

திட்டுவது, பாராட்டுவது பற்றி ஒன்று மட்டும். க்ளூகரும் டினிசியும் 1996இல் 607 முடிவுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கருத்துச் சொல்வது சராசரியாக வேலையை மேம்படுத்தினாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நேரங்களில் வேலையைக் கெடுத்திருந்தது. பேச்சு வேலையிலிருந்து ஆளின் மீது திரும்பும்போது அந்த ஆபத்து கூடுகிறது. "இந்தத் தோள் தையலில் இழை விட்டுப்போயிருக்கிறது" என்பதற்கும் "உனக்கு எப்போதுமே இப்படித்தான்" என்பதற்கும் உள்ள தூரத்தைச் சூப்பர்வைசர்களுக்குப் பழக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

9. எதையும் முதலில் ஒரே லைனில் செய்து பாருங்கள்

ஒடிசாவில் பலித்தது உங்கள் ஷெட்டில் பலிக்கும் என்று உறுதி கிடையாது. ஒரே மாதிரியான இரண்டு லைன்களை எடுத்து, எதில் மாற்றம் என்பதைக் காசு சுண்டி முடிவெடுங்கள். நான்கு வாரம் எதையும் மாற்றாமல் அளந்து, பிறகு எட்டு வாரம் மாற்றத்தோடு அளக்க வேண்டும். எஃபிஷியன்சிக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 30 பேர், 480 நிமிடம், 8 நிமிட எஸ்ஏஎம் (ஓர் உருப்படிக்குக் குறித்த நேரம்) உள்ள பனியன் 900 தைத்தால், 7,200ஐ 14,400ஆல் வகுக்க 50 சதவீதம். அதோடு ஆல்டர், வருகை, விலகல் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். எஃபிஷியன்சி மட்டும் ஏறி ஆல்டரும் ஏறினால் நீங்கள் எதையும் சாதிக்கவில்லை.

மிக மோசமான லைனைத் தேர்ந்தெடுத்துச் சோதிப்பது எல்லோரும் செய்யும் தவறு. அடியில் கிடப்பது எப்படியும் கொஞ்சம் மேலே வரும். அந்தப் பெயரை உங்கள் மாற்றம் தட்டிக்கொண்டு போய்விடும். ஸ்டைல் (தைக்கும் ஆடையின் வடிவமைப்பு) மாறும் வாரங்களையும் தனியே குறித்து வையுங்கள், முதல் சில நாள் எந்த லைனும் படுத்துத்தான் கிடக்கும். ஒரே சமயத்தில் இரண்டு மாற்றங்கள் கூடாது. சம்பளத்தைப் பொறுத்தவரை இரு லைன்களுக்கு இரு விதி வைப்பது 5ஆம் படியில் சொன்ன அதே குழிக்குள் இறங்குவதாகும் என்பதால், அதை மட்டும் யூனிட் முழுவதற்கும் ஒரே நாளில் அறிவித்துவிட்டு, அதற்கு முந்தைய மூன்று மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

ஒருவர் விலகினால் என்ன செலவாகிறது என்பதையும் நீங்களே கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள்: ஆள் கொண்டுவந்தவருக்குக் கொடுத்த கமிஷன், புதியவர் வேகம் பிடிக்கும் வரை குறைந்த உற்பத்தி, அவர் போட்ட ஆல்டர், அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் இழந்த நேரம். முதலாளியிடம் பேசப் போகும்போது இந்த ஒரு பக்கம்தான் கைகொடுக்கும். ஆய்வுக் கட்டுரையை அவரிடம் காட்டாதீர்கள்.

10. நடைமுறை தேய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

தாராப்பூர் ஆலைகளுக்கு ஆய்வாளர்கள் 2017இல் மறுபடியும் போனார்கள். புகுத்தப்பட்ட நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தன. ஆனாலும் மாற்றம் செய்த ஆலைகளுக்கும் செய்யாதவற்றுக்கும் இடையில் நல்ல இடைவெளி மிஞ்சியிருந்தது. கைவிடப்பட்டதற்கு அதிகம் சொல்லப்பட்ட காரணங்களில் இரண்டு, மேலாளர் மாறியதும், இயக்குநருக்கு நேரமில்லாததும்.

எங்கள் ஆல்டர் பலகையும், அதைத் தொடங்கிய குவாலிட்டி இன்சார்ஜ் வேறு கம்பெனிக்குப் போன மூன்றாவது வாரத்தில் எழுதப்படாமல் நின்றது. இப்போது எந்தச் சூப்பர்வைசர் மாறினாலும், மெஷின் சாவி, ஸ்டோர் கணக்கு ஆகியவற்றோடு, நடந்துகொண்டிருக்கும் நடைமுறைகளின் ஒரு பக்கப் பட்டியலும் கையெழுத்து வாங்கி ஒப்படைக்கப்படுகிறது. திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணியிலிருந்து பத்து மணி வரை நான் பலகைகளைச் சுற்றி வருகிறேன். அந்த அரை மணி நேரத்தில் போனை எடுப்பதில்லை.

தொடங்கும் மாதத்தைப் பொறுத்தவரை, தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களையும், பொங்கலுக்கு ஊர் போனவர்கள் திரும்பிவரும் வாரங்களையும் தவிர்த்துவிடுங்கள்; அப்போதைய வருகைக் கணக்கை வைத்து எதையும் சொல்ல முடியாது. பிப்ரவரி முதல் வாரத்தில் பதிவேடுகளை எடுத்தால், அந்த மாதத்திலேயே தளம் ஒழுங்காகி, மார்ச் முழுவதும் மாற்றமில்லாத அளவீடு முடிந்து, ஏப்ரல் இரண்டாம் வாரக் கருத்துக் கேட்புக்குப் பெட்டி தயாராக இருக்கும்.